கேஸ்ல தண்ணி கலந்துட்டான் பாப்பா

புரட்டாசிக் கடைசியில் அடுப்படிக்கு வெள்ளையடிக்க வேண்டி ஒன்பது நாள் மெஸ்ஸை மூடியிருந்தோம். திறந்த அன்று காலை ஐந்தே முக்காலுக்கு மாஸ்டர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "பாப்பா, இங்க வந்து பாரு. கேஸ்ல தண்ணி கலந்துட்டான்."

எனக்கு வயது 52. கும்பகோணத்தில் அப்பா ஆரம்பித்த மெஸ்ஸை அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். மாஸ்டர் அப்பாவிடம் எடுபிடியாக வந்து சேர்ந்தபோது நான் பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதனால் இன்றைக்கும் பாப்பாதான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவள் என்பதற்கெல்லாம் அடுப்படியில் மதிப்பு கிடையாது. அன்று வேறு அவர் கொஞ்சம் படபடப்பாக இருந்தார். மகளுக்குத் தலைப்பிரசவம், ஏழாம் மாசம், வளைகாப்புக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போய்ப் பார்த்தேன். சாம்பார் அண்டா ஏறும் மூன்றாவது அடுப்பு. தீ சாண் உயரத்துக்கு மஞ்சளாக எழுந்து, சோம்பலாக ஆடிக்கொண்டு, அண்டாவின் இடுப்பு வரை நக்கிக்கொண்டிருந்தது. அண்டாவின் அடி முழுக்கக் கரி. புதிதாக வெள்ளையடித்த சுவரில் அதற்குள் பூனைவால் போல ஒரு கறுப்புக் கோடு. சுவரைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"தண்ணி கலந்திருந்தா பக்கத்து அடுப்பு ரெண்டும் எப்படி நீலமா எரியுது மாஸ்டர்? எல்லாத்துக்கும் ஒரே குழாய்லதானே கேஸ் வருது?"

"அது அந்த அடுப்புங்களோட ராசி" என்றார்.

ராசிக்குப் பதில் சொல்ல முடியாது. சாம்பாரை இரண்டாவது அடுப்புக்கு மாற்றச் சொல்லிவிட்டு, மூன்றாவதை அணைத்துவிட்டு, டிபன் நேரம் முடியட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த மஞ்சள் தீ அன்றைக்கு முழுக்க மண்டைக்குள் எரிந்துகொண்டே இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் கல்லூரி லேபில் புன்சன் பர்னரின் கழுத்து வளையத்தைத் திருகித் திருகி விளையாடியது ஞாபகம் வந்தது. ஓட்டையை மூடினால் மஞ்சள், திறந்தால் நீலம். ஜெர்மனியில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் 1855 வாக்கில் புன்சன் செய்த ஏற்பாடு அது. கேஸ் எரிவதற்கு முன்பே அதோடு காற்றைக் கலந்துவிடுவது, அவ்வளவுதான் சங்கதி. இன்றைக்கு எல்லார் வீட்டு கேஸ் அடுப்பும் அந்த பர்னரின் பேத்திதான். ஊசித் துளையில் இருந்து கேஸ் சீறும்போது, பக்கத்து ஓட்டை வழியாகக் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் ஓடுகிறது. மேலே வரும்போது கலந்தே வருகிறது.

அந்தக் காற்று வராவிட்டால்? கேஸ் மூலக்கூறுகள் சூட்டில் உடையும். உடைந்த கார்பனுக்கு அந்த நேரத்தில் போதுமான ஆக்ஸிஜன் கையில் கிடைக்காது. அது ஒன்றோடொன்று சேர்ந்து துகளாகிவிடும். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறிய அந்தத் துகள்கள்தான் மஞ்சளாக ஒளிர்கின்றன, பழுத்த இரும்பு ஒளிர்வது போல. தீயின் நுனியில் காற்று கிடைத்தால் அவையும் எரிந்து போகும். நடுவில் சாம்பார் அண்டா குறுக்கே வந்து அவற்றை ஆறவைத்தால் அண்டாவில் ஒட்டிக்கொள்ளும். நாம் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிற கரி அதுதான், காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட எரிபொருள்.

ஆனால் இதே குறை விளக்கில் குணம். குத்துவிளக்கு அடுப்பு போல நீலமாக எரிந்தால் பூஜை அறை இருட்டாகத்தான் இருக்கும். விளக்குக்கு அந்தக் கார்பன் துகள்கள் வேண்டும். என் பாட்டி கண்மை செய்வாள். விளக்கெண்ணெய் விளக்கு ஏற்றி, அதன் மேல் ஒரு பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, தீ நாக்கு தட்டில் படுகிற மாதிரி வைத்துவிட்டுத் தூங்கப் போவாள். காலையில் தட்டின் அடியில் பட்டு மாதிரிக் கரி. அதை வழித்து எண்ணெயில் குழைத்தால் மை. மூன்றாவது அடுப்பு அன்றைக்கு எனக்கு ஊருக்கே போதுமான கண்மை செய்து கொடுத்திருந்தது.

---

எது எரிகிறது என்பதை நான் கல்லூரியில் கற்றுக்கொள்ளவில்லை. பம்ப் ஸ்டவ்வில் கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளில் எங்கள் வீட்டில் (மெஸ்ஸில் அல்ல, வீட்டில்) கிருஷ்ணாயில் பம்ப் ஸ்டவ்தான். பித்தளைத் தொட்டி, மூன்று கால், நடுவில் பர்னர். அதைப் பற்ற வைப்பது ஒரு சடங்கு. பர்னருக்குக் கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட்டோ கிருஷ்ணாயிலோ ஊற்றி முதலில் அதை எரிக்க வேண்டும். அந்தச் சூட்டில் பர்னரின் வளைந்த குழாய் நன்றாகக் காய வேண்டும். அப்புறம்தான் பம்ப் அடிக்கலாம். அப்போது 'புஸ்ஸ்' என்று ஒரு நீல வட்டம் எழும்பும், தெருக்கோடி வரை கேட்கும் இரைச்சலோடு. பொறுமையில்லாமல் முன்னாலேயே அடித்தால் கிருஷ்ணாயில் அப்படியே திரவமாகப் பீய்ச்சும், தீ மஞ்சளாக ஆளுயரத்துக்குக் கிளம்பும். என் அண்ணனின் புருவம் ஒரு தடவை அப்படித்தான் போனது. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் இன்றைக்கும் பார்க்கலாம்.

ஏன் காய வைக்க வேண்டும்? ஏனென்றால் கிருஷ்ணாயில் எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. சூடான குழாய்க்குள் போகும்போதே அது ஆவியாகிவிடுகிறது. ஊசித் துளையில் இருந்து வருவது எண்ணெய் இல்லை, கேஸ். 1892இல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் பிரைமஸ் ஸ்டவ்வைச் செய்தபோது கண்டுபிடித்த உபாயம் இதுதான். ஒருமுறை பற்றிக்கொண்டால், எரிகிற தீயே வரப்போகிற எண்ணெயை ஆவியாக்கிக் கொடுக்கும். துளையில் கரி அடைத்தால் ஸ்டவ் பின்னால் குத்த வேண்டும். தகட்டு முனையில் முடி மாதிரிக் கம்பி வைத்த அந்தப் பின்னைப் பெட்டிக்கடையில் விற்பார்கள். இப்போது கேட்டால் கடைக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

சாதாரண நாளில் தட்டில் ஊற்றிய கிருஷ்ணாயிலில் தீக்குச்சியைக் காட்டினால் உடனே பற்றாது. சுமார் 38 டிகிரிக்கு மேல் சூடானால்தான் பற்றுகிற அளவுக்கு ஆவி அதன் மேல் சேரும். பெட்ரோல் அப்படி இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் அதற்கு அந்த ஆவி உண்டு. பெட்ரோலை பாட்டிலில் வாங்கி வருகிறவர்கள் பாட்டிலுக்குள் இருப்பதை மட்டும் பார்க்கிறார்கள். மூடி இடுக்கில் கசிந்து தரையோடு ஊர்ந்து போவது கண்ணுக்குத் தெரியாது.

மெழுகுவத்தியும் இப்படித்தான். கரண்ட் போகிற நாட்களில் எங்கள் மெஸ் பையன்களுக்கு இதைச் செய்து காட்டுவது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. வத்தியை ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக்கோடு எழும்பும் இல்லையா, அந்தக் கோட்டில், திரியைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலே தீக்குச்சியைக் காட்டினால் போதும். தீ அந்தக் கோட்டின் வழியே இறங்கிப் போய்த் திரியில் உட்கார்ந்துகொள்ளும். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவு செய்தார், 1860 டிசம்பரில் தொடங்கி. இந்த வித்தையும் அதில் உண்டு. அவருக்குச் சாம்பார் வைக்கிற வேலை இல்லை, ஆறு நாள் பேசலாம்.

---

மெஸ்ஸில் அப்பா காலத்தில் விறகுதான். செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டிய மூன்று பெரிய அடுப்புகள், சவுக்கு விறகு. வண்டியில் வந்து இறங்கும். சவுக்கு நம் ஊர் மரம் இல்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ரயில் என்ஜின்களுக்கு விறகு வேண்டும் என்று சென்னைப் பக்கக் கடற்கரை மணலில் தோப்புத் தோப்பாக அதை வளர்த்தார்கள். நாலைந்து வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும், நின்று எரியும், தணல் நன்றாக விழும். அப்பா வேறு விறகைத் தொட மாட்டார். புளிய விறகு வந்தால் வெந்நீர் அடுப்புக்குத் தள்ளிவிடுவார்.

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் சண்டை. கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடினாலும் விறகு நமுத்துப் போகும். அடுப்பில் வைத்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் 'உஸ்' என்று நுரை தள்ளும். அடுப்படி முழுக்கப் புகை. அம்மா ஊதாங்குழலை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வழிய ஊதுவாள். "தண்ணியக் காசு குடுத்து வாங்கி, அதக் காய வைக்கவும் விறகையே எரிக்கிறீங்க" என்று அப்பாவைத் திட்டுவாள்.

அம்மா சொன்னது சரிதான் என்று நான் ரொம்ப நாள் நம்பினேன். பிறகு ஒரு நாள் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ ஈர விறகில் 300 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 70 கிலோகலோரி, ஆவியாக்க இன்னும் 540. ஆக 300 கிராமுக்கு 183 கிலோகலோரி. மீதி 700 கிராம் கட்டை கிலோவுக்கு 4500 வீதம் கொடுப்பது 3150. அதாவது தண்ணீர் விழுங்குவது நூற்றுக்கு ஆறுதான்! ஆறு சதவீதத்துக்கா அத்தனை சண்டை?

கணக்கு சரி. ஆனால் ஈர விறகில் உலை கொதிக்காததும் உண்மை. எங்கே போகிறது மீதி?

புகையில் போகிறது. கட்டையும் நேரடியாக எரிவதில்லை. முதலில் ஈரம் போகும். இருநூறு, முந்நூறு டிகிரிக்கு வரும்போது கட்டை உள்ளுக்குள் உடைந்து பலவகை வாயுக்களைக் கக்கும். காய்ந்த கட்டையின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாக வெளியே வந்துவிடும். நாம் பார்க்கிற தீ அந்த வாயுக்கள் எரிகிற தீ. ஈர விறகில் என்ன ஆகிறது என்றால், கூடவே வரும் நீராவி அடுப்பின் உள்சூட்டைத் தணித்துவிடுகிறது. வாயுக்கள் வெளியே வருகின்றன, ஆனால் பற்றிக்கொள்ளும் சூடு அங்கே இல்லை. பற்றாமலே மேலே போகின்றன. அதுதான் அம்மாவின் கண்ணில் பட்ட புகை. அடுப்படிச் சுவரிலும் ஓட்டிலும் படிந்த பிசுபிசுப்பான கருப்பு எல்லாம் எரிய வேண்டிய விறகு. தண்ணீர் தான் தின்றது கொஞ்சம், தட்டிவிட்டது நிறைய.

நுரை தள்ளுகிற விறகு முனையில் சில சமயம் அந்தப் புகை திடீரென்று பற்றிக்கொண்டு சின்ன நாக்கு மாதிரி எரியும். சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். மெழுகுவத்தி வித்தையை ஃபாரடேக்கு முன்னாலேயே சவுக்குக் கட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது, எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

வாயு எல்லாம் போன பிறகு மிஞ்சுவது கரி. அது மட்டும்தான் கட்டியாகவே எரிகிறது. அங்கே ஆக்ஸிஜன் வீடு தேடி வந்து கரியின் மேல்பரப்பிலேயே வேலையை முடிக்கிறது. அதனால் தீ நாக்கு இல்லை, தணல்தான். மெஸ்ஸுக்கு எதிரே இஸ்திரி போடுகிறவர் கொட்டாங்கச்சிக் கரி போடுவார். விசிறும்போது பெட்டிக்குள் தணலுக்கு மேல் மெல்லிசாக நீலத்தில் ஏதோ ஓடும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அது கார்பன் மோனாக்ஸைடு எரிவது. கரிக்குக் காற்று பாதி மட்டும் கிடைத்தால் உண்டாவது அது. தெருவில் எரிந்து போகும், யாருக்கும் கேடில்லை. கதவடைத்த அறைக்குள் எரியாமல் தங்கினால் வாசனை கூட இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது உட்கார்ந்துகொள்கிறது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த நீலம்தான் கண்ணில் வரும்.

---

தங்கை பையன் பதினொன்றாம் வகுப்பு. அன்று மத்தியானம் சாப்பிட வந்தவனிடம் மூன்றாவது அடுப்பைக் காட்டி, "எரியும்போது சூடு எங்கேயிருந்துடா வருது?" என்று கேட்டேன். "பிணைப்பு உடையுது பெரியம்மா, அதுக்குள்ள இருக்கற சக்தி வெளிய வருது" என்றான். ட்யூஷனில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம். இதைக் கேட்டால் எனக்கு உப்பு இல்லாத உப்புமா சாப்பிட்ட மாதிரி இருக்கும். உடைப்பதற்குச் செலவு ஆகுமே தவிர வரவு கிடையாது. உடைத்தாலே சூடு வருமென்றால் தீக்குச்சி எதற்கு?

சாண எரிவாயுவில் இருக்கிற மீத்தேனை எடுத்துக்கொண்டு அவனுக்குக் கல்லாக் கணக்கு மாதிரியே சொன்னேன். 16 கிராம் மீத்தேன், 64 கிராம் ஆக்ஸிஜன். மீத்தேனின் நாலு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பையும் உடைக்க 1652 கிலோஜூல். ஆக்ஸிஜன் ஜோடிகளைப் பிரிக்க 996. ஆக முதல் போட்டது 2648. இப்போது பிரிந்து நிற்கிற அணுக்கள் கார்பன் டை ஆக்ஸைடாகச் சேரும்போது 1598 வரவு, தண்ணீராகச் சேரும்போது 1852 வரவு. மொத்தம் 3450. முதலைக் கழித்தால் லாபம் 802. எதுவும் வீணாகாவிட்டால் அந்த லாபத்தில் இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீர் கொதிக்கும்.

"அப்ப தீக்குச்சி?"

"முதல் வியாபாரத்துக்கு வட்டிக்கடைக்காரர். அப்புறம் லாபத்துலேர்ந்தே அடுத்த முதல் போட்டுக்கலாம்."

ஆக்ஸிஜன் ஜோடி அத்தனை இறுக்கமானது இல்லை, சுலபமாகப் பிரியும். பிரிந்து போய்ச் சேருகிற இடம்தான் ரொம்ப இறுக்கம். லாபத்தில் பெரும்பங்கு அந்த வித்தியாசத்தில் வருவது. எரிபொருள் என்று ஒன்றுக்கு மட்டும் பெயர் வைத்ததே அநியாயம், காற்றுக்கும் அந்தப் பெயரில் பாதி உண்டு. பாரிசில் லவாய்சியர் 1770களில் தராசை வைத்துக்கொண்டு இதைத்தான் நிரூபித்தார். எரிகிற பொருளிலிருந்து ஏதோ ஒன்று வெளியே போகிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், இல்லை, காற்றிலிருந்து ஒன்று உள்ளே வந்து சேருகிறது, எடை கூடுகிறது பாருங்கள் என்றார். 1794இல் புரட்சிக்காரர்கள் அவர் தலையை வெட்டிவிட்டார்கள், அது வரி வசூல் விவகாரம்.

காற்றின் பங்கு எவ்வளவு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். எங்கள் மெஸ் சிலிண்டர் 19 கிலோ. அதிலிருக்கிற புரொப்பேனும் பியூட்டேனும் முழுசாக எரிய ஏறக்குறைய 295 கிலோ காற்று வேண்டும். ஒரு சிலிண்டர் காலியாவதற்குள் அடுப்படி ஜன்னல் வழியாகக் கால் டன்னுக்கு மேல் காற்று வந்து போகிறது, பில் இல்லாமல். எரிந்து முடிந்தால் 57 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. அப்புறம் தண்ணீர், 30 கிலோ. ஆமாம், 19 கிலோ கேஸிலிருந்து 30 லிட்டர் தண்ணீர். கேஸிலிருக்கும் ஹைட்ரஜன் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராவியாகப் போவது அது. குளிர்ந்த தண்ணீர் நிரம்பிய அண்டாவை அடுப்பில் ஏற்றியதும் அதன் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கிறதே, அண்டா ஒழுகுகிறதோ என்று புதுப் பையன்கள் தடவிப் பார்ப்பார்களே, அது இந்தத் தண்ணீர்தான்.

ஆக, கேஸில் தண்ணி என்று மாஸ்டர் சொன்னதை நான் முழுசாக மறுக்க முடியாது. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆயுசுக்கும் விட மாட்டார்.

---

காற்று வேண்டாத நேரமும் உண்டு. சில வருஷத்துக்கு முன்னால் அப்பளம் பொரிக்கிற வாணலி பற்றிக்கொண்டது. எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டுப் பையன் வாசலில் வேடிக்கை பார்க்கப் போய்விட்டான். எண்ணெய் முதலில் புகையும், அப்புறமும் சூடேறிக்கொண்டே போனால் தீக்குச்சி இல்லாமலே தானாகப் பற்றும். ஓடி வந்தவன் கையில் குடம். மாஸ்டர் அந்தக் குடத்தை ஒரே தட்டு, தண்ணீர் எல்லாம் தரையில். கேஸை மூடினார், பெரிய தாம்பாளத்தை வாணலி மேல் சரித்து மூடினார். ஒரு நிமிஷத்தில் அடங்கிவிட்டது. அந்தத் தண்ணீர் எண்ணெயில் விழுந்திருந்தால் அடியில் போய், நொடியில் ஆயிரத்து எழுநூறு மடங்கு நீராவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரை வாரி இறைத்திருக்கும். மாஸ்டருக்கு இந்த மடங்குக் கணக்கெல்லாம் தெரியாது, கை தெரிந்து வைத்திருக்கிறது.

சிலிண்டர் விஷயத்தில் மட்டும் அந்தக் கையும் தப்பு செய்யும். மார்கழி விடியலில் நாலு அடுப்பும் எரியும்போது சிலிண்டரின் மேல் பனி மாதிரி வியர்த்து ஜில்லென்று இருக்கும், தீ சிணுங்கும். உள்ளே திரவமாக இருப்பது ஆவியாக வேண்டும், அதற்குச் சூடு வேண்டும், அதைத் தன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. பியூட்டேன் ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் கொதிக்கிற சரக்கு, அந்தக் குளிரில் அது எழுந்திருக்க மறுக்கும். உடனே மாஸ்டர் சிலிண்டரைப் படுக்கப்போடச் சொல்வார். போட்டால் திரவமே குழாய்க்குள் வந்துவிடும், பம்ப் ஸ்டவ்வில் அண்ணன் புருவம் போன கதைதான், நூறு மடங்கு பெரிதாக. இரண்டு சிலிண்டரைச் சேர்த்துத் திறந்தால் ஆளுக்குப் பாதி வேலை, பாதிக் குளிர். இதற்கு மட்டும் என் பேச்சைக் கேட்டார்.

சரி, மூன்றாவது அடுப்பு.

சாயங்காலம் நாலு மணிக்கு, சிலிண்டரை மூடிவிட்டு, பர்னரைக் கழற்றினேன். மேலே தட்டில் அடைப்பு ஒன்றுமில்லை. அடியில், கேஸும் காற்றும் சேர்ந்து நுழைகிற வாயில் விரலை விட்டேன். கரடுமுரடாக ஏதோ தட்டியது. பழைய குடைக்கம்பியை விட்டு நெம்பியதும் கட்டியாக மண் விழுந்தது. காய்ந்த மண்ணில் கிண்ணம் கிண்ணமாக மூன்று அறை. ஒன்றுக்குள் சுருண்டு கிடந்த பச்சைப் புழுக்கள். ஒன்பது நாள் அடுப்பு எரியாமல் கிடந்ததில் குளவி வந்து வீடு கட்டியிருக்கிறது. சாவித் துவாரத்தில் கட்டும், பிளக் பாயிண்டில் கட்டும், இதில் ஏன் கட்டாது? கேஸ் போகிற அளவுக்கு வழி விட்டு, காற்றின் வழியை அடைத்திருந்தது. துடைத்து, மாட்டி, பற்ற வைத்தேன். முதலில் கொஞ்சம் ஆரஞ்சாகப் பொரிந்தது, மிச்ச மண்தூசி. அப்புறம் நீலம். இறுக்கமாக, சத்தத்தோடு, பர்னர் விளிம்பில் வரிசையாகப் பல் வைத்த மாதிரி.

"மாஸ்டர், வந்து பாருங்க. தண்ணியும் இல்ல ஒண்ணும் இல்ல. குளவிக்கூடு."

வந்தார். தீயைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த மண்ணைப் பார்த்தார்.

"குளவிக்கூடா? ஒடைச்சிட்டியா? வீட்டுல புள்ளத்தாச்சி இருக்கறப்ப குளவிக்கூட்ட ஒடைப்பாங்களா பாப்பா?"

அவர் வீடு வேறு, இது மெஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குந்தி உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பொடித்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். செம்மண்ணாக இருந்தால் ஒரு குழந்தை, களிமண்ணாக இருந்தால் இன்னொன்று என்று ஏதோ கணக்கு உண்டு.

"என்ன மண்ணு மாஸ்டர்?" என்றேன்.

"கரி படிஞ்சு போச்சு, தெரிய மாட்டேங்குது" என்றார்.